‘வேணாம்’ சொல்ல வைத்த பன்னிரண்டு மான்கள்

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மானைக் குறிபார்க்கப் புதுச்சேரி போனேன். ஃபோம் மான். உயிருள்ள மானை வேட்டையாடுவது இந்தியாவில் குற்றம், சிறை உண்டு. அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னூட்டத்தில் யாரும் திட்டவேண்டாம்.

ஏழு மாதமாகச் சென்னையில் வில் பழகுகிறேன். முப்பது மீட்டர், வட்டப் பலகை, நடுவில் மஞ்சள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் அலுப்பு. வில் பிடிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் செலினைத் தெரியும். புதுச்சேரியில் பிறந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். இப்போது பிரான்சில் ஒரு சிற்றூரில் செவிலியர். அங்கே உரிமம் பெற்றால் வில்லால் மான் வேட்டையாடலாம், அவர் பெற்றிருக்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்தவர் எழுதினார்: "முந்திரித் தோப்புல பன்னெண்டு மான் நிக்குது. சனிக்கிழம வாங்க." வேறென்ன வேண்டும்.

திருவான்மியூரில் காலை 5.20க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. கட்டணம் 190 ரூபாய். நடத்துநர் என் நீளப் பையைத் தட்டிப் பார்த்து, "வயலினா?" என்றார். வில் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "கீழ வைங்க. மேல வெச்சா பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்." கீழே வைத்தேன். வலப்பக்கம் உப்பளம், இடப்பக்கம் சூரியன். தூங்கிவிட்டேன்.

8.45க்குப் புதுச்சேரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி: 85. வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 450, பெட்ரோல் தனி. கருவடிக்குப்பம் தாண்டி வடக்கே ஆறு கிலோமீட்டர். அதில் கடைசி ஒன்றரை செம்மண். முதல் நாள் மழை பெய்திருந்தால் இரண்டு காலையும் தரையில் வைத்துத்தான் ஓட்டவேண்டும். பெய்திருந்தது.

தோப்பு வாசலில் முருகவேல். செலினின் சிறுவயதுத் தெருக்கூட்டாளி. தோப்பு அவர் குடும்பத்துடையது. அவரோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பேக்கிங் ஃபோம் வெட்டும் யூனிட்டில் வேலை செய்கிறார். வீணாகும் துண்டுகளை ஒட்டி, செதுக்கி, பழுப்பு அடித்து, இரண்டு மாதத்தில் பன்னிரண்டு மான் செய்திருந்தார். முதல் மானைத் தூரத்திலிருந்து பார்த்ததும் நின்றுவிட்டேன். காது வரை சரியாக இருந்தது.

"நல்லா கீதா சார்?"

"உசிரோட இருக்கற மாதிரி இருக்குங்க."

"அதான் வேணும்." அவர் முகம் மலர்ந்தது.

செலின் கையுறை மாட்டிக்கொண்டே விதியைச் சொன்னார். ஒவ்வொரு மானுக்கும் ஓர் இடம், அங்கிருந்து நகரக்கூடாது. பார்த்து முடிவெடுக்கப் பத்து நொடி. அடிக்கலாம் என்றால் அடிக்கலாம். கூடாதென்றால் ‘வேணாம்’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மானின் முன்னங்கால் மேலே, நெஞ்சில், ஒரு டிபன் தட்டு அளவுக்கு மெல்லிய கோடு. கிட்டே போனால்தான் தெரியும். உள்ளே இதயம், நுரையீரல். அம்பு அந்தக் கோட்டுக்குள் பட்டால் பத்துப் புள்ளி. விடவேண்டிய மானை விட்டாலும் அதே பத்து. கோட்டுக்கு வெளியே பட்டால் காயம்.

"காயம் ஒண்ணே ஒண்ணு ஆனாலும் ஆட்டம் முடிஞ்சுது," என்றார். "எனக்கு ஆட்டத்தோட இன்னொண்ணும் முடிஞ்சுரும்."

போன அக்டோபரில் பிரான்சில் ஒரு மானை அடித்திருக்கிறார். இரவெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு மோப்ப நாய் கண்டுபிடித்தது. உயிரோடு. இந்த ஆண்டு வேட்டைக் குழுவுக்கு அவருடைய மாமனார் பட்டியல் போடுகிறார். செலின் வில்லோடு வருகிறாரா இல்லையா, இன்று மாலைக்குள் சொல்லவேண்டும். அதனால் தனக்குத்தானே ஒரு தேர்வு. இன்று ஒரே ஒரு காயம் என்றாலும் இந்த ஆண்டு வில் இல்லை.

"ஃபோமுக்குக் காயமாம்," என்றார் முருகவேல் என்னிடம். "நாங்க தெனம் டன் கணக்குல அறுக்கறோம்."

விருந்தாளி என்பதால் நான் முதலில். பதினெட்டு மீட்டர். மான் பக்கவாட்டில் நின்றது. இழுத்தேன், விட்டேன். கோட்டுக்குள். எனக்கே ஆச்சரியம். அடுத்து செலின். வில்லை உயர்த்தினார், பார்த்தார், இறக்கினார். "வேணாம்."

இரண்டாவது மான். நான் கோட்டுக்குள். செலின் வேணாம். மூன்றாவது. நான் கோட்டுக்குள், விளிம்பில். செலின் வேணாம். அவருக்கு மனம் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். கூடவே ஓர் அற்பச் சந்தோஷம், அதையும் எழுதிவிடவேண்டும்: நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது மானில் முருகவேலுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, ஒண்ணத்தையும் தொடமாட்டன்ற. இன்னா கொற வெச்சேன்?"

"அது என்னைப் பாக்குது முருகா."

"மான் பாக்காம பின்ன இன்னா பண்ணும்?"

அப்போதுதான் செலின் திரும்பித் தோப்பு முழுவதையும் பார்த்தார். நானும் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு மான்கள். பன்னிரண்டும் தலையைத் தூக்கி, காதை விறைத்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் இப்டியா செஞ்ச?"

"மிருகக்காட்சி சாலைக்குப் போயி நாப்பது போட்டோ எடுத்தேன்மா. எல்லா மானும் இப்டித்தான் பாத்துச்சு. வேற எப்டி செய்யச் சொல்ற?"

செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எனக்கு விளக்கினார். தலை நிமிர்ந்த மான் ஏற்கெனவே ஓடத் தயாராக இருக்கிறது. அம்பைவிட நாணின் சத்தம் வேகம். சத்தம் கேட்டதும் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகிலோ இடுப்பிலோ போய் நிற்கும். போன வருடம் அவர் அடித்ததும் இப்படித் தலை தூக்கிய மானைத்தான். இருபத்திரண்டு மீட்டர், பக்கவாட்டு, நல்ல வெளிச்சம். மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப சாரு அடிச்சாரே நாலு?"

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சும் காயம்," என்றார் செலின். அன்பாகத்தான் சொன்னார்.

மீதி ஏழுக்கும் போனோம்; நானும் வில்லை இழுத்து, விடாமல் இறக்கிப் பழகினேன். அவர் ஒவ்வொன்றின் முன்னும் வில்லை உயர்த்தி, முழுப் பத்து நொடியும் பார்த்து, வேணாம் என்றார். ஒன்பதாவதில் மட்டும் நாண் பாதி வரை போய்த் திரும்பியது. "இது ரொம்ப அழகா நிக்குது. இவன் எமன்," என்று முருகவேலைக் காட்டினார். காலை ஆட்டம்: செலின் 120, நான் முதல் மானிலேயே வெளியே (தெரிந்ததுதான் ஐந்தாவதில்), முருகவேலுக்கு மனவருத்தம்.

மதியம் செலினின் அப்பா கட்டிக்கொடுத்த நீள ரொட்டியும் இறால் தொக்கும். சாப்பிட்ட கையோடு முருகவேல் ஆக்சா பிளேடை எடுத்தார். மான் மேயும்போது கழுத்து எப்படி இருக்கும் என்று செலின் மண்ணில் குச்சியால் வரைந்தார். "ஆடு மாதிரின்னு சொன்னா புரியும்ல," என்றார் முருகவேல். கழுத்தை அறுத்து, மூங்கில் குச்சி செருகி, பசை தடவி, தலையைக் கீழே திருப்பினோம். ஒன்றரை மணி நேரம். பிறகு எங்களைப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, இடங்களை மாற்றி வைத்தார். கொஞ்சம் வன்மத்தோடு வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது ஆட்டம் வேறு உலகம். மேய்கிற மான், பார்க்காத மான். இப்போதுதான் உண்மையில் தேர்ந்தெடுக்கவேண்டும். நான் மூன்றாவதிலேயே வெளியே: என்னை நோக்கிக் கோணலாகத் திரும்பி நின்ற மானை அடித்தேன், அம்பு தோள் எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பட்டது. அதன்பின் எண்ணிக்கை எழுதுபவன் ஆனேன். அது நிம்மதியாக இருந்தது. அடிக்க வேண்டியதில்லை என்றதும் கண் நன்றாகத் தெரிகிறது.

செலின் ஆறு அடித்தார். ஆறும் கோட்டுக்குள். நான்கை விட்டார். ஒன்றின் நெஞ்சுக்குக் குறுக்கே விரல் தடிமனில் ஒரு முந்திரிக் கிளை, அம்பு அதில் பட்டுத் திசை மாறும். ஒன்று நேர் எதிரே நின்றது. ஒன்றின் பின்னால் இன்னொரு மான், அம்பு ஊடுருவினால் அதற்கும் காயம். ஒன்று மட்டும் இன்னும் தலை நிமிர்ந்தபடி, காலையில் இருந்த அதே இடத்தில்.

"அத எனக்காக வெச்சுகிட்டேன்," என்றார் முருகவேல்.

பதினொன்றாவது. பதினேழு மீட்டர். தலை கீழே. உடம்பு எங்களிடமிருந்து லேசாக விலகித் திரும்பி, அதாவது மிகச் சரியான கோணம். கிளை இல்லை. பின்னால் வெறும் மண்மேடு. செலின் "அடிக்கலாம்" என்றார். இழுத்தார். விட்டார்.

சத்தமே வேறாக இருந்தது. நடந்து போனோம். முருகவேல் முன்னால் ஓடினார். அம்பு கோட்டுக்கு நான்கு விரல் பின்னால் நின்றது. வயிறு.

முருகவேல் மானுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "இந்த மானுக்கு நுரையீரல கொஞ்சம் பின்னாடி வெச்சிருந்தேன்மா."

செலின் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. நானும் சிரித்தேன். முருகவேல் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான். நான்தான செஞ்சேன்? எனக்குத் தெரியாதா?"

"கை ஆடிச்சு முருகா."

"ஃபோமும்மா அது. ஃபோமுக்காகவா போவாம இருப்ப? வருசம் பூரா பழகிட்டு?"

"ஃபோம் அசையவே இல்ல. பாக்கவே இல்ல. அதுலயே இப்டின்னா?"

முருகவேல் ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

மணி 3.10. பிரான்சில் காலை 11.40. செலின் அங்கேயே உட்கார்ந்து மாமனாருக்குச் செய்தி அடித்தார். சின்னச் செய்தி: இந்த வருடம் வில் இல்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினேன். வந்ததெல்லாம் படித்த வாக்கியங்கள். மானிலிருந்து அம்பைப் பிடுங்கப் போனேன்.

இருபது நிமிடம் கழித்து மாமனாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. மோப்ப நாயைப் பிடிப்பவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சையாம். வில் பிடிக்க ஆள் வரிசையில் நிற்கிறது, நாய் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நாயின் வாரை நீ பிடிக்கிறாயா?

செலின் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். "அந்த நாய்க்கு என்னைய நல்லாத் தெரியும்," என்றார். "மத்தவங்க அடிச்சுட்டுக் கண்டுபுடிக்க முடியலன்னா நான் போவேன். ஒரு மானும் ராத்திரி பூரா கெடக்காது." எழுந்து பாவாடையில் ஒட்டிய சருகைத் தட்டினார். அந்த நாளில் அவர் குரல் அவ்வளவு லேசாக அப்போதுதான் இருந்தது. பன்னிரண்டாவது மானை யாரும் அடிக்கவில்லை. போய் அதன் முன்னங்காலைப் பிடித்துக் கைகொடுத்துவிட்டு வந்தோம்.

6.15 பேருந்தில் சென்னை. இரவு பத்துக்கு வீடு. வழியெல்லாம் என் காலை ஆட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து அம்பும் கோட்டுக்குள். ஐந்தும் தவறு. குறி பார்ப்பதை ஏழு மாதமாகப் படித்தேன்; மானைப் பார்ப்பதை அதில் யாரும் சேர்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு. தோப்பு தனியாருடையது, வில் கழகங்களில் யார் மூலமாவது கேட்டுவிட்டுத்தான் போகமுடியும். சொந்த வில், கைக்காப்பு, ஆறு அம்புக்குக் குறையாமல். முந்திரி மரத்தில் பட்டால் முனை வெளியே வராது, ஆட்டத்துக்கு முன் கை பழக எய்ததில் நான் இரண்டை அங்கேயே விட்டுவந்தேன். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, எறும்பு அதிகம். தண்ணீர் மூன்று லிட்டர். மதிய உணவைக் கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. இழுத்த வில்லை அம்பு விடாமல் இறக்கப் பழகிவிட்டுப் போங்கள். அடிப்பதைவிட அதுதான் தோளைப் பிடிக்கும். மூன்று நாள் எனக்குச் சட்டை மாட்ட முடியவில்லை.

பதினோராம் மானைப் பற்றி முருகவேல் உங்களிடமும் கேட்பார். அம்புத் துளையைக் காட்டி, இது உள்ளேதானே என்பார். துளையைச் சுற்றி இப்போது புதிதாக ஒரு கோடு போட்டிருக்கிறாராம். வெளியே என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார், டீ வாங்கித் தருவார்.