தாடி இல்லாத கடைக்காரி

காலையில் தார்ப்பாயை விலக்கும்போதே இடுப்பு முணுமுணுத்தது. புத்தகக்கார அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது, வாங்குகிறவர்கள்தான் கிடையாது. நடைபாதையில் பலகை போட்டு, பழைய புத்தகங்களைப் பரப்பி, மின்கம்பத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டால் அவளுடைய நாள் ஆரம்பம்.

எதிர்க்கடைத் தையல்காரர் படித்து முடித்த செய்தித்தாள் அவள் கைக்கு வரும். விலைவாசி ஏறியிருந்தது. மந்திரி மறுத்திருந்தார். எங்கேயோ சண்டை, எங்கேயோ பேச்சுவார்த்தை.

"தேதியை மட்டும் மாத்திட்டு நேத்து பேப்பரையே அச்சடிக்கிறாங்கண்ணே" என்றாள். அவர் வாயில் குண்டூசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் கிராக்கியாக ஒரு பெண் வந்தாள். "போன தடவை இங்க நீல அட்டையில ஒரு புத்தகம் பார்த்தேனே?"

"என்ன புத்தகம்மா?"

"அதான், நீலமா இருக்கும்."

அக்கா நீலமாக இருந்ததையெல்லாம் எடுத்துக் காட்டினாள். எதுவும் அந்த நீலம் இல்லை. அந்தப் பெண் போன கையோடு சினிமாக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள்.

சினிமாவைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் பின்சுவரில் ஒட்டுகிற போஸ்டர்கள்தான். துப்பாக்கியோ ரத்தமோ இல்லாத போஸ்டரைப் பார்த்துப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட மேனேஜர் வந்து, "இன்னிக்கு ஒரு நாள் உங்க கடை எங்களுக்கு வேணும்க்கா, உங்க வியாபாரத்துக்கு மேலயே கொடுத்துடறோம்" என்றபோது அவள் கை தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிவிட்டது.

"நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தா போதும்."

டைரக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேனேஜரிடம் விளக்கினார். "பழைய புத்தகக் கடைன்னா ஜனங்க மனசுல ஒரு உருவம் இருக்குப்பா. தாடி, சோடாபுட்டிக் கண்ணாடி..."

"தாடிக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவள் தையல் கடைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

வேனிலிருந்து தாடியோடு ஒரு பெரியவர் இறங்கி அவளுடைய பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு பேர் புத்தகங்களையெல்லாம் கலைத்து, சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று நிறவாரியாக அடுக்கினார்கள். சமையலும் சட்டமும் சங்கடமில்லாமல் ஒட்டி உட்கார்ந்தன. அக்கா படியிலிருந்தே கணக்குப் போட்டாள். பிரித்து வைக்க எத்தனை நாள் குனிய வேண்டியிருக்குமோ?

மதியம் நாளைக்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நின்றபடியே சில பக்கம் படித்துவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கறேம்மா" என்று போகிறவர். படப்பிடிப்பு அவர் கண்ணில் படவேயில்லை. இடைவேளையில் நேராகக் கடைக்குப் போய், ஒரு தடிமனான கடற்பயணக் கதையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

தாடிக்காரர் அசதியோடு ஏறிட்டார். "பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க சார்."

"சும்மாவா?"

"என்னுதா இது? எடுத்துட்டுப் போங்க."

நாளைக்காரர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். "ஐயா! ஐயா!" என்று அக்கா எழுந்து கத்தினாள். அதற்குள் யாரோ "சைலன்ஸ்!" என்று அவளைவிட உரக்கக் கத்தினார்கள்.

சாயங்காலம் எல்லாரும் மூட்டை கட்டியபோது, தாடிக்காரர் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றார். அக்கா கை கொடுத்தாள்.

"நீங்கதான் கடைக்காரம்மாவா? முதுகு விட்டுப்போச்சும்மா. எப்படித்தான் நாள் பூரா உட்காருறீங்க?"

"இடுப்புக்குப் பின்னால ஒரு அகராதியை வெச்சுக்கணும்ங்க. என் புத்தகத்தைத் தானம் பண்ணிட்டீங்களே?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவரை மேனேஜரோட ஆளுன்னு நினைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "எனக்கு ஒரே ஒரு வசனம்தான். 'அந்தப் புத்தகம் தீர்ந்துபோச்சு தம்பி.' சரியாச் சொன்னேனா?"

அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. வேறொன்றைத் தலையில் கட்டித்தான் அனுப்புவாள். இருந்தாலும், "அச்சு அசலா இருந்துச்சுங்க" என்றாள்.

"பேரப் பசங்ககிட்ட இப்பவே சொல்லிவெச்சிருக்கேன். படம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து போறோம்."

படம் சில மாதங்கள் கழித்து வந்தது. அக்கா போகவில்லை; நாளெல்லாம் உட்கார்ந்த உடம்புக்கு மூன்று மணி நேரம் மறுபடி உட்காரத் தெம்பில்லை. மகள் மட்டும் தோழிகளோடு போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"நம்ம கடையே வரலைம்மா. கண் கொட்டாம பார்த்தேன். அந்த சீனையே தூக்கிட்டாங்க போல."

"போகட்டும் விடு. கடை கடையாத்தானே இருக்கு?"

படுத்த பிறகு இடுப்புக்கு மகள் தைலம் தேய்த்துவிட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்நேரம் அந்தத் தாடிக்காரரும் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போயிருப்பார். விளக்கு போட்டதும் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்திருக்கும். அவர் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குத் தூக்கம் வரவில்லை.