கூடைக்காரியும் பொன் நத்தையும்

ஒட்டிலியா ஸாப்ஃபுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனாலும் நியூரம்பெர்க்கிலிருந்து ஆல்ட்டார்ஃபுக்குப் படித்தவர்கள் எழுதிய கடிதமெல்லாம் அவள் முதுகுக் கூடையில்தான் போய் வந்தது. புருஷன் நகரசபைத் தூதுக்காரனாக இருந்தவன். காய்ச்சலில் அவன் போனதும், துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் நிற்கும்போதே தூதுக்காரர் அடையாளமான அவனுடைய செப்பு வில்லையை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டு நகரசபைக்குப் போய் நின்றாள்.

"பொம்பளைக்கு இந்த வேலை ஒத்து வராதும்மா" என்றார்களாம்.

"சரிங்க. நாளைக்கு ஆல்ட்டார்ஃப் கடுதாசிய உங்கள்ல யாரு தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாளாம்.

காட்டு வழியில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நடக்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. வில்லை அவளிடமே தங்கியது.

நான் டாக்டர் பிர்க்னர் வீட்டுச் சமையல்காரி, எல்ஸ்பெத். கடிதத்தைக் கொடுத்த தூதுக்காரர் பதில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பெரிய படிப்புப் படித்தவர்கள் நாலு வரி எழுத ஒரு காலைப் பொழுதைத் தின்பார்கள். அதுவரை ஒட்டிலியா என் அடுப்படியில் உட்கார்ந்து என் சூப்பைக் குடித்துக்கொண்டே அதற்குக் குறை சொல்வாள். "ஆல்ட்டார்ஃப்ல இதைவிடக் கெட்டியா இருக்கும்" என்பாள். ஆல்ட்டார்ஃப் போனால் அங்கே எங்கள் வீட்டுச் சூப்பைப் புகழ்வாள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு வீட்டிலும் அவளுக்கு மாமியார் அந்தஸ்து.

எங்கள் டாக்டர் பிழைப்புக்கு வைத்தியம் பார்த்தார், உயிர் வாழ்ந்தது சேகரிப்பதற்காக. மாடி அறையில் உத்திரம் பூராவும் உலர்ந்த மீன்கள் தொங்கும். சிப்பி, கொம்பு, வேர், கல் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். அவையெல்லாம் லைடன், பொலோன்யா, ப்ராக் என்று எங்கெங்கோ உள்ள வைத்தியர்களிடமிருந்து கடிதத்தோடு வந்தவை. முகம் பார்க்காத சிநேகிதர்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஒரு பொருள் அனுப்பினால் அடுத்தவர் நன்றிக் கடிதமும் பதிலுக்கு ஒரு பொருளும் அனுப்பியே ஆக வேண்டும். பதில் எழுதாமல் இருப்பது கன்னத்தில் அறைவதைவிட மோசம். வந்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில், விருந்தாளிகள் முன்னால், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உரக்கப் படிப்பார். லத்தீனில் ஒரு வரி, வீட்டு அம்மாவுக்காக எங்கள் பேச்சில் ஒரு வரி. அதற்குள் நான் வறுத்த வாத்து ஆறிப் போயிருக்கும். இத்தாலிக்காரர்கள் எழுதும் கடிதத்தின் நீளத்தைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இத்தனை பேரிலும் நெருக்கமானவர் ஆல்ட்டார்ஃப் கல்விச்சாலை டாக்டர் ரீட். ஒட்டிலியாவின் கூடையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பேருடைய கடிதமும் பொட்டலமும்தான்.

அது ஒரு நாள் நின்று போனது. எங்கள் டாக்டர் ஒரு மஞ்சள் அல்லியின் கிழங்கைப் பெற்ற பிள்ளையைப் போலப் பொத்தி வளர்த்து, அதன் கன்று ஒன்றை ரீட்டுக்குக் கொடுத்திருந்தார். ரீட் அதை ப்ராக் வைத்தியர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். ப்ராக் வைத்தியரோ, "ரீட் எனக்கு ஓர் அபூர்வக் கிழங்கு அனுப்பினார், உம்மிடம் இப்படி ஒன்று உண்டா?" என்று எங்கள் டாக்டருக்கே பெருமையடித்து எழுதினார். அன்றைக்கு வாத்து ஆறவில்லை. டாக்டர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

அடுத்து ரீட்டிடமிருந்து வந்த கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை. அறைந்துவிட்டார் என்று ரீட்டும் எழுதுவதை நிறுத்தினார். வெயில் காலம் முழுவதும் ஒட்டிலியா வெறுங்கூடையோடு வந்து வெறுங்கூடையோடு போனாள்.

"ஆம்பளைங்க கோவிச்சுக்கிட்டா அடிச்சிட்டாவது முடிச்சுக்குவாங்க. இவங்க பேசாம இருந்தே கொல்றாங்க" என்றாள்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. மற்றவர்கள் கடிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு நகரசபையின் குதிரைக்காரன் வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் போக ஆரம்பித்திருந்தான். கூடையில் ஒன்றும் இல்லையென்றால் கூடைக்காரி எதற்கு என்று தூதர்களுக்கு மேலே இருந்த அதிகாரி கேட்டுவிட்டார். செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாள் வரை பார்ப்பது, அப்போதும் இப்படியே இருந்தால் வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவு. வில்லை போனால் அவள் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும். ஒட்டிலியா இன்னொருத்தி அடுப்படியில் ஏவல் கேட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த வீட்டுச் சமையல்காரியை நினைத்தாலும் பாவமாக இருந்தது.

திருநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது ஒட்டிலியா அடுப்படி வழியாக வராமல் நேராக மாடி ஏறினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தாள். சுருண்ட நத்தையின் உருவம், உள்ளங்கை அகலம், பூராவும் பொன்னாக மின்னியது.

"எங்கேருந்து?" என்றார் டாக்டர்.

"ஆல்ட்டார்ஃப்லேருந்துங்க."

"கடுதாசி?"

"இல்லைங்க."

"ரீட் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

டாக்டர் கல்லைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கால் தொட்டுப் பார்த்தார். எதையும் நாக்கால் தொட்டுப் பார்ப்பவர், அதனால்தான் அவர் தட்டை நான் தனியாகக் கழுவுவது. கொஞ்ச நேரத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. "பாவம், எழுதக்கூட வெட்கம் அவனுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தார். கடிதம் இல்லாமல் பொருள் மட்டும் வந்தால் அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது இந்தச் சிநேகிதர்களுக்கு மட்டுமே வரும் தப்பு. என்னிடம் யாராவது பேசாமல் ஒரு கல்லைக் கொடுத்திருந்தால் எதை நசுக்க வேண்டும் என்று கேட்டிருப்பேன்.

அன்று நன்றிக் கடிதமும் லிஸ்பனிலிருந்து வந்த சங்கு ஒன்றும் ஒட்டிலியாவின் கூடையில் போயின. தான் அனுப்பாத கல்லுக்கு நன்றி வந்திருப்பதைப் பார்த்து ரீட் முழித்தாராம். ஆனால் கையில் சங்கு இருந்தது. சங்குக்குப் பதில் எழுதியாக வேண்டும், எழுதினார். கல்லைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு இங்கிருந்து விதை, அங்கிருந்து வண்டு, இங்கிருந்து தைலம். மைக்கேல் திருநாளன்று ஒட்டிலியாவின் கூடை மூட முடியாமல் பிதுங்கியது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போனார்.

அதோடு முடிந்திருக்கும். எங்கள் டாக்டருக்குத்தான் ஆசை அடங்கவில்லை. அந்தப் பொன் நத்தையை எந்த இடத்தில், எந்த மண்ணில் கண்டெடுத்தீர்கள் என்று ரீட்டுக்கு எழுதிக் கேட்டார். லைடன்காரர்களும் கேட்கிறார்களாம். ரீட் என்ன சொல்வார்? பதில் வாங்கக் காத்திருந்த ஒட்டிலியாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா, அந்தக் கல்ல நான் எங்க கண்டெடுத்தேன்?"

"ஊருக்கு வெளிய, மழைத் தண்ணி அறுத்துக்கிட்டுப் போற ஓடைக் கரையிலங்க. நீங்க அந்தப் பக்கமெல்லாம் வந்ததில்ல. செருப்பு சேறாயிடும்."

ரீட் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, நடந்ததையெல்லாம் அப்படியே எழுதி அவளிடமே கொடுத்தனுப்பினார். அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காட்டு வழியில் ஒரு குளத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. கொண்டு வந்து கொடுத்துவிட்டு என் அடுப்படியில் உட்கார்ந்து சூப் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் டாக்டருக்குக் கிடையாது. தொப்பியைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்தார். கல் தன்னுடையதில்லை என்றும், கூடைக்காரியுடையது என்றும், உங்கள் கடிதம் வந்த சந்தோஷத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை என்றும், கிழங்கு விஷயத்தில் தப்பு தன்மேல்தான் என்றும் ரீட் எழுதியிருந்தார். விருந்தாளி ஒருவர் சிரித்தார். டாக்டர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. நான் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நகரசபைக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வில்லை போய்விடும்.

"அவளக் கூப்பிடு."

ஒட்டிலியா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஊரே உன்ன நம்பிக் கடுதாசி கொடுக்குது. நீ இப்படிப் பண்ணலாமா?"

"கடுதாசி எதையும் நான் தொடலைங்க. கல்லு என்னோடது. நான் பொறுக்கினேன், நான் கொடுத்தேன். ரீட் ஐயா கொடுத்தாருன்னு எப்பச் சொன்னேன்?"

டாக்டர் யோசித்தார். "சொல்லல" என்றார்.

"நீங்க எழுதலேன்னா என் வில்லை போயிடும். அதுக்காகத்தான் கொண்டாந்தேன். அதையும் சொல்லிடறேன்."

டாக்டர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

"அப்ப கல்லு கொடுத்தவளுக்கு நான் இதுவரைக்கும் பதிலே எழுதல."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு மாடிக்குப் போனார். வாத்து ஆறியது. முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை. முத்திரை வைத்த கடிதத்தோடு இறங்கி வந்து ஒட்டிலியாவிடம் நீட்டினார். அவள் வழக்கம்போல, "யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"ஒட்டிலியா ஸாப்ஃபுக்கு. தோல்காரத் தெரு, நியூரம்பெர்க்."

அவள் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதை வாங்கிக் கூடையில் மற்றக் கடிதங்களுக்கு அடியில் வைத்தாள். "வழியில இருக்கிறவங்களுக்கு முதல்ல கொடுக்கணும். தோல்காரத் தெரு கடைசியாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்தக் கடிதம் ஆல்ட்டார்ஃப் வரை போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் மாலை அதைப் பிரிக்காமலே என் அடுப்படிக்குக் கொண்டு வந்தாள். எனக்கு எங்கள் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் படிக்க வரும். டாக்டர் லத்தீனில் எழுதவில்லை. 'மதிப்புக்குரிய சிநேகிதியே' என்று ஆரம்பித்திருந்தார். கல்லுக்கு நன்றி, ஓடைக் கரையில் இன்னும் என்ன கிடக்கிறது என்று தெரிவிக்க வேண்டும், பதிலை எதிர்பார்த்திருக்கிறேன் என்று முடித்திருந்தார். ஒட்டிலியா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்று சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள்.

"பேனா எடுடி. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

எழுதி முடித்ததும் கூடையை முதுகில் ஏற்றி, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். கொடுத்துவிட்டு இறங்கி வந்து, அடுப்பு பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"கிளம்பலையா?" என்றேன்.

"பதில் வரணுமில்ல" என்றாள். "சூப்பு இருக்கா?"