ஆட்டு மணியும் இரைச்சல் லேப்டாப்பும்

காது மிஷினை ஒருவருக்குக் கொடுப்பது சுலபம். அதை அவர் காதில் தங்க வைப்பதுதான் கஷ்டம். முகாமில் ஆசையாக வாங்கிப் போவார்கள். எல்லாச் சத்தமும் சேர்ந்து தலைக்குள் புகுந்து கத்தியதும் கழற்றி டப்பாவுக்குள் போட்டுவிடுவார்கள். அதை வெளியே எடுக்க வைத்து, லேப்டாப்பில் ஒயரை மாட்டி, அவரவர் காதுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக் கொடுப்பது என் வேலை. அமிர்தி வழியாக ஸ்கூட்டரில் ஜவ்வாது மலை ஏறுவேன். மலையில் எனக்குப் பெயர் காதுக்காரம்மா. பிழைப்புக்காக லேப்டாப் சுமந்து தோள்பட்டை தேய்ந்தவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பொட்டிக்குள் தேன்கூடு

என் பழைய லேப்டாப் அம்மிக்கல் கனம். கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் ஃபேன் போட்ட சத்தம் இருக்கிறதே! காதைச் சோதிக்க அமைதியான இடம் வேண்டும். சாமை மூட்டை அடுக்கிய அறையில் வெளிச் சத்தம் அவ்வளவாக நுழையாது. அப்படி ஒரு அறையைக் கெஞ்சி வாங்கி உட்கார்ந்தால், இது அங்கே இரையத் தொடங்கும். கோணியைப் போட்டு மூடினால் சூடாகி இன்னும் கத்தும்.

ஆனால் மிஷினை மாட்டியதும் பல பேர் காதில் விழுந்த முதல் சத்தம் அந்த இரைச்சல்தான். வருஷக்கணக்கில் ஒன்றும் சரியாகக் கேட்காதவர் திடீரென்று நிமிர்வார், சுற்றுமுற்றும் தேடுவார், பிறகு லேப்டாப் பக்கம் மெல்லக் குனிவார். அந்தக் குனிவைப் பார்க்கத்தான் அத்தனை வளைவும் ஏறினேனோ என்று இப்போது தோன்றுகிறது. காட்டில் தேன் எடுக்கும் கோவிந்தன் அப்படிக் குனிந்தவர், சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டு கேட்டார்:

"இன்னாம்மா, பொட்டிக்குள்ள தேன்கூடு வெச்சிக்கினு சுத்தறீங்களா?"

கையோடு ஒரு சத்தம்

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சத்தம் கேட்க வேண்டுமோ அதைக் கையோடு கொண்டு வாருங்கள் என்பேன். ஒருவர் மனைவியைக் கூட்டி வருவார். இன்னொருவர் மனைவியை வீட்டிலேயே விட்டுவிட்டு ரேடியோவைத் தூக்கி வருவார். பூங்காவனம் அக்கா ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு ஆடு மேய்ப்புதான் பிழைப்பு. ஆடுகளைக் காட்டுக்குள் விட்டுவிட்டு, மணிச் சத்தத்தை வைத்தே எது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். காது மங்கியபின் இரண்டு ஆடுகள் காட்டிலேயே தொலைந்துபோயின. காது கேட்காதவளுக்கு ஆடு எதற்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்றுவிடலாம் என்று அவருடைய கொழுந்தன் முருகேசன் முடிவு செய்துவிட்டார். கறுப்பு ஆட்டை மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, அதன் மணி எட்டும்படி மிஷினைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பாதி வேலையில் லேப்டாப் திரை கறுத்துப்போனது. என்னென்னவோ தட்டிப் பார்த்தேன், வரவில்லை. ஃபேன் மட்டும் விடாமல் சுற்றியது. போய்விட்டது என்று கையை விரித்துக் காட்டினேன். அக்கா நம்பாமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்:

"அதிருதேம்மா, உசுரு இருக்குது. சந்தைக்கு முன்ன சரி பண்ணிக்கினு வந்துடுங்க, இல்லன்னா முருகேசன் என் ஆடுங்கள ஓட்டிக்கினு பூடுவான்."

தேங்காய் வாங்குவது போல

பழுது பார்க்கும் செலவுக்கு வேறு ஒன்றே வாங்கிவிடலாம் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். சரி, சின்னதாக, இலேசாக, விலை குறைவாக ஒன்று. சொல்ல எவ்வளவு எளிது! கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கலர் கலராக விளக்கு எரியும் விளையாட்டு லேப்டாப். அதைத் தூக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும். அடுத்தது அப்பளம் போல மெல்லிசு. ஆனால் என் ஒயரைச் செருக அதில் துளையே இல்லை. மூன்றாவது ரொம்ப மலிவு, என் சாஃப்ட்வேர் அதில் ஏறவே ஏறாதாம்.

கடைசியில் ஏதோ ஆபீஸில் உழைத்துவிட்டு வந்த பழையது ஒன்று கிடைத்தது, பள்ளிக்கூட அட்லஸ் அளவு. ஒயர் செருகினால் போனது. வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்த்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று பார்த்தேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் காதோடு வைத்தேன். பொட்டுச் சத்தம் இல்லை, உள்ளே ஃபேனே கிடையாது. அதுவரை பொறுமையாக இருந்த கடைக்காரர் வாய் திறந்தார்:

"தேங்கா வாங்கற மாதிரி லேப்டாப்ப காதுகிட்ட வெச்சிப் பாத்து வாங்கற மொத கஸ்டமர் நீங்கதான் மேடம்."

சந்தைக்கு முதல் நாள்

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது முருகேசன் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆடு கட்டக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா புதுசைத் தொட்டுப் பார்த்தார். அது அதிரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் நேரம் சரியில்லை. சின்னத் திரையில் 'சேவ்' பட்டன் கீழே ஒளிந்துகொண்டதால், செய்த வேலை முழுக்க அழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கி, பட்டனைத் தேடிப் பிடித்து, வியர்க்க வியர்க்க மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மிஷினை மாட்டிவிட்டு, அக்காவின் முதுகுக்குப் பின்னால் கறுப்பு ஆட்டின் மணியை ஆட்டச் சொன்னேன். முருகேசன் ஆட்டினார். அக்கா திரும்பவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். அக்கா வேறெங்கோ, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அக்கா கையை ஓங்கிக்கொண்டு கத்தினார்:

"அந்த மணிய நிறுத்துடா முருகேசா! செவல ஆடு சாமக் கொல்லையில எறங்குது, ஓடு!"

ஆறிய கூடு

செவலை ஆடு, கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு, சாமைக் கொல்லையில்தான் நின்றது. மறுநாள் முருகேசன் சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பியதாகக் கேள்வி.

புதுசைக் குறை சொல்ல மாட்டேன். இலேசு, பேட்டரியும் நிற்கிறது. ஆனால் மூட்டை அறையில் இப்போது யாரும் குனிவதில்லை. மிஷினை மாட்டியதும் அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன். திட்டித் தீர்த்த அந்த இரைச்சலுக்கு மனசு ஏங்குகிறது. போன வாரம் மிஷினுக்கு பேட்டரி வாங்க வந்த கோவிந்தன் புதுசின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்:

"தேன் எடுத்துட்ட கூடு மாதிரி கம்முனு கெடக்குதும்மா. அந்தப் பழசையே எடுத்துக்கினு வாங்க, அது கத்துனாத்தான் காது கேக்குதுன்னு ஒரு தெம்பு வருது."

ஆகவே, தோள்வலி தாங்காமல் சின்னதாக ஒன்று வாங்கப் போன நான், இப்போது திரை எரியாமல் ஃபேன் மட்டும் சுற்றும் அந்த அம்மிக்கல்லையும் சேர்த்து இரண்டு லேப்டாப்பாகச் சுமந்துகொண்டு மலையேறுகிறேன்.