ஆவி கசிகிற வண்டி

போன புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலை, விளாங்குடி வீட்டு வாசலில் காரைக் கிளப்பியதும் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்த விளக்கு அணையவில்லை. ஆனால் வண்டி ஒரு குறையும் இல்லாமல் பசுமலைவரை ஓடியது. சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை. எனவே நான் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித் தருகிறவள் நான்; நிறம் மாறியதும் குடுவையைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை.

பயந்தவர் என் கணவர். பயந்த கையோடு மதினிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். மதினி அவருடைய அக்கா, கோச்சடையில் இருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் அவர் காதில் விழுந்த விஷயம் வளராமல் வெளியே வராது.

காரின் கோளாறை வாசிக்கிற சின்னக் கருவி ஒன்று கடையில் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் போனில் விவரம் வரும். வாங்கிச் சொருகினேன். என் போனைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். 'எரிபொருள் ஆவி அமைப்பில் கசிவு' என்று காட்டியது. எனக்கு அது போதும். டேங்கில் இருக்கிற பெட்ரோல் சும்மா இருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியைக் காற்றில் விடாமல் பிடித்துவைத்து, எஞ்சினுக்கே அனுப்பி எரிப்பதற்கு ஒரு டப்பாவும் சில குழாய்களும் உண்டு. அதில் எங்கோ ஓட்டை. விஷயம் அவ்வளவுதான்.

போனை டீப்பாயில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்று சாப்பிட வந்திருந்த மதினி அதை எடுத்துப் படித்துவிட்டார்.

"ஏப்பா, வண்டியில ஆவி இருக்குன்னு மிஷினே சொல்லுதே!"

"மதினி, இட்லிச் சட்டியில வருதுல்ல, அந்த ஆவி."

"அது வெளிய போயிரும். இது உள்ளயே இருந்துக்கிட்டு கசியுதாம்ல? பழைய வண்டி வேற. முன்னாடி ஓட்டுனவன் என்ன ஆனானோ!"

முன்பு ஓட்டியவர் கல்லுமாதிரி இருக்கிறார். பெரிய வண்டி வாங்கியதால் இதை விற்றார். சொன்னேன். யார் கேட்டார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வீட்டில் மஞ்சளாக எரிந்ததும் பேயாகிவிட்டது.

இலையை எடுப்பதற்குள் கணவர் வண்டியை விற்கத் தரகரிடம் போனில் பேசி முடித்துவிட்டார். "ராசியில்லாத வண்டி நமக்கு வேணாம்மா. அடுத்த ஞாயித்துக்கெழமை பார்ட்டியோட வாரேன்னுட்டாரு. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்ய?"

கடைசியில் சொன்னதை அவர் மனதாரத்தான் சொன்னார். அதனால் என் கோபம் இன்னும் கூடியது. அந்தக் கார் என் சம்பளத்தில் வாங்கியது, என் பேரில் இருப்பது. அதற்கு முன் பசுமலைக்கு இரண்டு பஸ் மாறி, வலிக்கிற முழங்காலோடு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போய்வந்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காலுக்கு விலை பேசிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

"கோளாறக் கண்டுபிடிச்சிட்டா?" என்றேன்.

"கண்டுபிடிச்சு, அந்த வெளக்கும் தானா அணைஞ்சா அப்பப் பாப்போம்," என்றார்.

ஒரு வாரம். எனக்குத் தாராளம்.

இந்த மாதிரிக் கசிவுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் மூடியைத்தான். திருகிப் பார்த்தேன். டிக் டிக்கென்று ஒழுங்காகப் பூட்டியது. மூடி சரி என்று முடிவு கட்டினேன். கைக்கெட்டிய குழாய்களைத் தடவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. புதன்கிழமை பள்ளி விட்டதும் திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். அங்கே புகை விட்டுப் பார்க்கிற மிஷின் உண்டு. குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், ஓட்டை இருக்கிற இடத்தில் அது வெளியே வந்து காட்டிக் கொடுத்துவிடும். கணவரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் மதினி, கையில் எலுமிச்சம்பழத்தோடு.

மெக்கானிக் மிஷினை மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெட்ரோல் மூடியைச் சுற்றி வெள்ளைப் புகை மெல்லிசாகச் சுருண்டு எழுந்தது.

"பாத்தியா, போகுது பாரு!" என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சரியென்று சொல்லி ஒதுக்கிய அதே மூடி. எனக்குச் சுருக்கென்றது. பூட்டுகிற சத்தத்தைக் கேட்டேனே தவிரக் கழற்றிப் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்கில் இருப்பவர்கள்தானே அதைத் திறப்பதும் மூடுவதும். மெக்கானிக் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்பக்கம் ஆவி வெளியேறாமல் அழுத்திப் பிடிக்கிற ரப்பர் வளையம் இருந்தது. அந்த வளையத்தின் மேல் காய்ந்து கட்டியாகிப்போன சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு எல்லா எடத்துலயும் பொட்டு வச்சேன்ல," என்றார். "வண்டிக்கு வாயி அதுதான. அங்கயும் ஒண்ணு வச்சா நல்லதுன்னு…"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, பொட்ட நெத்தியில வைக்கணும்ணே, தொண்டையில வச்சா விக்காதா?" என்றார் மெக்கானிக். மதினி மட்டும் சிரிக்காமல் தம்பியை முறைத்தார். அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வளையத்தை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, மூடியைப் பூட்டி, மறுபடியும் புகை விட்டார் மெக்கானிக். ஓர் இழைகூட வரவில்லை. "வெளக்க மிஷின்லயே அழிச்சு விட்டுர்றேன் டீச்சர்," என்றார். வேண்டாம் என்றேன். அழித்தால், அதை நாங்கள் அணைத்ததாகத்தான் வீட்டில் பேச்சு வரும். கார் தானே சோதித்துப் பார்த்து அணைக்கட்டும். அதற்குச் சில நாள் ஓட வேண்டும். டேங்கும் நிரம்பி வழியக் கூடாது, வற்றியும் கிடக்கக் கூடாது. கிளப்பும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விளக்கு எரிந்தது. வெள்ளியும் எரிந்தது. கணவர் தினமும் வாசலுக்கு வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கே நம்பிக்கை உள்ளூரக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தன; எல்லாம் அணைந்தன, மஞ்சளும்தான். ஹாரனை அழுத்தி அவரை வெளியே வரவழைத்துக் காட்டினேன். பார்த்தார். "ம்," என்றார்.

ஞாயிறு காலை தரகர் போன் செய்தார். கணவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"கெளம்பிட்டேண்ணே. வண்டியக் கழுவி வைங்க, பார்ட்டியும் கூட வாராரு."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். விளக்கு அணைந்துவிட்டது, விற்கவில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் போனோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது என் வண்டி இல்லண்ணே," என்றார். "கேக்காமச் சொல்லிட்டேன். வண்டிக்காரவுங்க இங்கதான் இருக்காங்க, பேசுங்க."

போனை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், வெங்காயத்தின் மேல் பழி போட விரும்பவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"குடுக்கிறதா இல்லண்ணே," என்றேன். "நல்லா ஓடுது."