வளையாமல் உடைந்த வால்வு

பித்தளை வார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். செம்போடு எவ்வளவு துத்தநாகம் சேர்த்தால் பித்தளை வளைந்து கொடுக்கும், எவ்வளவு கூடினால் நொறுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டறை அவருடைய அண்ணனுடையது. செம்பு விலை ஏறியபோது அண்ணன், "துத்தநாகத்தைக் கூட்டிப் போடுடா. மேல பாலிஷ் போட்டா எவனுக்குத் தெரியும்?" என்றார்.

"நீராவி வால்வுண்ணே. வெடிச்சா ஆளையே கொன்னுடும்."

"பெரிய யோக்கியன் வந்துட்டாரு!"

அன்றே அவர் பட்டறையை விட்டு வெளியேறினார். ஆனால் காரணத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. குடும்ப மானம் கப்பலேறக் கூடாதே!

மறுவருஷம், அவர் மனைவி வேலை பார்த்த சலவை நிலையத்தில் நீராவி வால்வு வெடித்து, அவளுடைய வலது கை வெந்துபோனது. உடைந்த துண்டில் அண்ணன் பட்டறையின் முத்திரை இருந்தது. உடைந்த இடம் மஞ்சளாக இல்லை. துத்தநாகம் கூடிப்போன பித்தளை போல வெளிறிப்போய்ச் சொரசொரப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்த அண்ணன், "நீ இருந்தப்போ வார்த்ததா இருக்கும்டா" என்றார் கூசாமல்.

"நான் வார்த்தது வளையும்ணே. இப்படிப் பொட்டுனு உடையாது. அன்னைக்கே சொன்னேனே!"

அண்ணன் போனதும் மனைவி மெல்லக் கேட்டாள்: "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

அவர் எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். "அண்ணன் தம்பி தகராறை வீட்டுலயே பேசித் தீர்த்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி இடது கையால் சாப்பிடப் பழகினாள். அவர் ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.