இருநூற்று ஏழு க்ளியர்

ஐந்து நிமிடம்

ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருப்பவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது 'க்ளியர்' என்ற ஒரே வார்த்தைதான், அன்றைக்குக் காலையில் அதைச் சொல்ல விடாமல் என்னை லாபிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். லாபி நடுவில் ஒரு நீலப் பெட்டி. ஒரு பக்கம் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ரஹீம் பாய், அவர் மனைவி, அவர் மச்சான். எதிரில் எங்கள் மேனேஜர், பக்கத்தில் என் சூப்பர்வைசர் குமார். ரஹீம் பாய் குடும்பம் தங்கியிருந்த இருநூற்று ஏழாம் அறையில் ஒரு ரோப் குறைகிறதாம். ரோப் என்பது குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள அலமாரியில் மாட்டி வைக்கும் வெள்ளை அங்கி.

நீங்களும் பெரிய ஹோட்டலில் தங்கி அவஸ்தைப்பட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். கிளம்பும்போது சாவியைக் கொடுத்ததும் ரிசப்ஷனில் இருக்கும் பெண், "ஒரு ஃபைவ் மினிட்ஸ் சார், காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பாள். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். கிடையாது. நீங்கள் காபியை ஊதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேலே என்னைப் போல ஒருவன் உங்கள் அறையில் துண்டு, ஹேங்கர், கெட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் போனில் 'க்ளியர்' என்று சொன்ன பிறகுதான் உங்களுக்கு அந்தக் கடைசிச் சிரிப்பு கிடைக்கும்.

ரஹீம் பாய்க்கு ஐந்து நிமிடம் இருபது நிமிடம் ஆகிவிட்டது. காபி ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது. அவர் மச்சான் பெட்டியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "குவைத் ஏர்போர்ட்ல கூட நம்ம பெட்டிய இவ்ளோ நேரம் பாக்கல மச்சான்."

பேட்டரி

பெட்டி அப்படியே நிற்கட்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்தியவன். வீடு சிதம்பரத்துக்குப் பக்கத்தில், சேத்தியாத்தோப்பு. கடலூரில், சிதம்பரம் போகிற ரோட்டில் இருக்கும் அந்த ஹோட்டலில் எட்டு மாதம் இருந்தேன். வாசலில் பளிங்கு, உள்ளே எலுமிச்சை வாசனை, ஒவ்வொரு அறையிலும் சுவர் அளவுக்கு டிவி. ரிமோட்டும் அறைக்கு ஒன்று உண்டு. பேட்டரிதான் அத்தனை கிடையாது. எந்த அறையிலிருந்து கூப்பிடுகிறார்களோ அந்த அறைக்கு என் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும் பேட்டரி போகும்.

சிதம்பரத்தில் நாட்டியம் பார்க்க, அமெரிக்காவில் குடியேறிய தமிழ் அம்மா ஒருவர் வந்திருந்தார். டிவி வரவில்லை என்றார். முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேட்டரியைப் போட்டேன். டிவி வந்தது. "தேங்க்யூ" என்றார். அவர் சிதம்பரம் கிளம்பியதும் அதை உருவிப் பக்கத்து அறையில் போட்டேன். சாயந்திரம் வந்தார், டிவி வரவில்லை. ரிமோட் ரிப்பேர் என்று சொல்லித் திரும்பப் போட்டேன். மறுநாளும் இதே கதை. மூன்றாவது நாள் கதவுக்குக் குறுக்கே நின்று, "பாக்கெட்ல என்ன இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். நாலு பேட்டரி, ஒரு சாக்லேட் காகிதம். சத்தம் போடுவார் என்று பார்த்தால் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "ரிமோட் ரிப்பேர்னு சொன்னியே தம்பி, நீ வந்துட்டுப் போனா மட்டும்தான் அது சாகுது."

சீல்

சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனிக்குச் சோதனை செய்ய வந்த ஒரு சார், வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் ஏதோ டிப்ஸ் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹோட்டல் பெயர் போட்ட தண்ணீர் பாட்டிலை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மூடியைத் திருகினார். "சத்தம் கேட்டுச்சா?" "இல்ல சார்." "சீல் ஒடஞ்சா 'கிரிக்'னு கேக்கணுமா இல்லையா?" இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கு எங்களுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னேன்: "வெயில்ல சீல் எளகிடும் சார்." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அது ஏசி அறை. பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது. அவர் என்னையே பார்த்தார். சென்னையிலிருந்து கொண்டுவந்த கேனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, பல் தேய்க்கக் கூட அதைத்தான் ஊற்றினார். "பெரிய ஹோட்டல் சார், நம்பிக் குடிக்கலாம்" என்றேன். வாயில் நுரையோடு சொன்னார்: "நான் தண்ணிய டெஸ்ட் பண்ற ஆளு தம்பி, நம்புறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

கொத்சு

ரூம் சர்வீஸில் ஆள் இல்லாத நாட்களில் தட்டும் நான்தான் தூக்குவேன். எங்கள் மெனுவில் 'சிதம்பரம் கொத்சு' என்று ஒன்று இருந்தது, கத்திரிக்காயைப் புளியில் மசித்து, புதுசாக வறுத்துப் பொடித்த மசாலா போட்டுச் செய்ய வேண்டியது. ஒரு நாள் சிதம்பரத்துக்காரர் ஒருவரே அதை ஆர்டர் செய்துவிட்டார். ரிட்டயர்டு வாத்தியார். மகன் புதுசாகக் கட்டிய வீட்டுக்கு வந்தவர், பெயிண்ட் வாசனை ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் தங்கியிருந்தார். சமையல்கட்டில் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலை சாம்பாரில் வறுத்த கத்திரிக்காயைப் போட்டுக் கரண்டியால் நாலு குத்து. அவ்வளவுதான் கொத்சு.

அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இத செஞ்சவரு எந்த ஊரு?" "ஒடிசா சார்." "அவரு மேல தப்பில்ல. நீ எந்த ஊரு?" "சேத்தியாத்தோப்பு சார்." தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு இந்த எட்டு மாதத்தில் யார் திட்டியதும் மனசில் நிற்கவில்லை. அவர் திட்டவே இல்லை, கேட்டது மட்டும் நிற்கிறது: "அப்ப உனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்தியா?"

ரோப்

பேட்டரி போலத்தான் ரோப்பும். எல்லா அறைக்கும் போதுமான ரோப் அங்கே இல்லை. கெஸ்ட் உள்ளே வரும்போது அலமாரியில் இரண்டு தொங்க வேண்டும். பார்த்து, தொட்டு, சந்தோஷப்படுவார்கள். நம்ம ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதைப் போடவே மாட்டார்கள், லுங்கிதான். அதனால் அவர்கள் வெளியே போன நேரம் ஒன்றை உருவி, புதுசாக ஆள் வருகிற அறையில் மாட்டிவிடுவோம். அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அதுதான் சட்டம். எதையும் லிஸ்ட்டில் எழுதக் கூடாது, மேனேஜர் பார்ப்பார் என்பது குமார் சார் கட்டளை. மேனேஜருக்கு நிஜமாகவே தெரியாதா என்பது என் சந்தேகம்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்திருந்த ரஹீம் பாய் குடும்பம் அக்கா வீட்டில் மருதாணி வைக்கப் போயிருந்த சாயந்திரம் குமார் சார் வந்தார். "முந்நூத்தி ஒண்ணுக்கு விஐபி வராரு. இருநூத்தி ஏழுலேர்ந்து ஒண்ணு உருவு." உருவினேன். மாடிப்படியில் லாண்டரி செல்வியக்கா எதிரில் வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "யாரு சொன்னது?" "குமார் சார்." அக்கா உச்சுக் கொட்டினார்: "எவன் தலையிலயாச்சும் இது விடியறப்ப, எனக்கு எதுவுமே தெரியாதும்பாரு பாரு உங்க குமார் சாரு."

பெட்டி

மறுநாள் விடிந்தது ரஹீம் பாய் தலையில். மத்தியானம் கிளம்புவார்கள் என்று நினைத்திருந்தோம். நிக்காஹ் முடிந்ததும் அப்படியே ஊருக்கு, மங்கலம்பேட்டைக்குப் போகலாம் என்று காலையிலேயே பெட்டியோடு இறங்கிவிட்டார்கள். ரோப் முந்நூற்று ஒன்றில் விஐபி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நான் வேறு அறையில் இருந்ததால் குமார் சாரே இருநூற்று ஏழைப் பார்த்துவிட்டு, "ரோப் ஒண்ணு இல்ல" என்று போனில் சொல்லிவிட்டார். ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்த மேனேஜர் காதில் அது விழுந்துவிட்டது. குமார் சார் தான் உருவச் சொன்னதை மறந்துபோய், பழக்கதோஷத்தில் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ரூம்ல ரெண்டு ரோப் இருந்துச்சா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குமார் சார், "இருந்துச்சு சார், லிஸ்ட்ல டிக் பண்ணிருக்கான்" என்றார். ரஹீம் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "பொண்ணுக்கு நான்தாங்க தாய்மாமன். பதினோரு மணிக்கு நிக்காஹ். நான் போகாம ஆரம்பிக்க மாட்டாங்க." "பாலிசி சார்" என்றார் மேனேஜர். "பெட்டிய ஒரு தடவ பாத்துட்டா போதும்." பாயின் மனைவி பெட்டி மேல் கையை வைத்தார். "என் துணிமணியெல்லாம் இருக்கு. இத்தன ஆம்பளைங்க முன்னாடி தொறக்க விடமாட்டேன்." வேறு கெஸ்டுகள் செய்தித்தாளை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். ரஹீம் பாய் முகம் சிவந்து போனது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீதானே நேத்து ரூமுக்கு வந்தே? நாங்க அப்டி எடுத்துட்டுப் போறவங்களா?" என்றார்.

மேனேஜர் பெரிய மனசு பண்ணுவது போல, "கெஸ்ட் கை வைக்க வேணாம். நீயே தொறந்து காட்டு" என்று என்னிடம் சொன்னார். குமார் சார் என் காதருகே குனிந்தார். "சும்மா தொறடா. உள்ள ஒண்ணும் இருக்காது, சாரி சொல்லி அனுப்பிடலாம்."

ஒன்றும் இருக்காது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் எதையும் மறக்கவில்லை. ரோப்பை உருவச் சொன்னது மேனேஜருக்குத் தெரியாமல் இருக்க, அந்த அம்மாவின் துணியை லாபியில் பரப்பிவிட்டு ஒரு சாரியில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்.

"ரோப் முந்நூத்தி ஒண்ணுல இருக்கு சார்" என்றேன். "நேத்து நான்தான் மாத்துனேன். இவருதான் மாத்தச் சொன்னாரு." குமார் சார் மேலே ஏசியைப் பார்த்தார். மேனேஜர் குமாரைப் பார்த்தார், அப்புறம் வேடிக்கை பார்ப்பவர்களைப் பார்த்தார். "அது நான் அப்பறம் விசாரிக்கிறேன். மொதல்ல பெட்டியத் தொற, ப்ரொசீஜர் முடியட்டும்."

ரிசப்ஷன் மேஜை மேல் இருந்த போனை எடுத்தேன். அந்தப் பெண் எனக்கு எதிரிலேயே ஒரு கை தூரத்தில் நின்றாள். இருந்தாலும் போனில்தான் சொன்னேன், "இருநூத்தி ஏழு க்ளியர்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் டிக்கியில் வைத்தேன். பின்னால் மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரஹீம் பாய் என் தோளைத் தட்டிவிட்டு மனைவியோடு ஏறிக்கொண்டார். கடைசியாக ஏறிய மச்சான் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "வேல போச்சுன்னா நேரா கல்யாண மகாலுக்கு வந்துடு தம்பி, பிரியாணி சாப்ட்டு எந்திரிச்சா அங்க எவனும் ரூம் செக் பண்ண மாட்டான்."

எட்டு மாதத்தில் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தேன், சொல்லச் சொன்ன பொய்யைச் சொன்னேன், உருவச் சொன்னதையெல்லாம் உருவினேன், அதற்கெல்லாம் என்னை நல்ல பையன் என்றவர்கள் வீட்டுக்கு அனுப்பியது, திறக்கச் சொல்லியும் நான் திறக்காத அந்த ஒரே ஒரு பெட்டிக்காகத்தான்.