ஒரே மாதிரித் தப்பு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் அவளுக்கு ஸ்கேனர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஸ்கேன் எடுக்கும் வசதி கிடையாது. அந்தக் குறையை இவள் தீர்த்துவைக்கிறாள் என்பது கேலி. யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பாள். கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் மூடியைத் திருகிப் பார்த்து, வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பாள். பொல்லாதவள் இல்லை. தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள்.

அந்த நிலையத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. அறிக்கைகளைத் தட்டச்சு செய்து சரிபார்க்கும் அவளுடைய பிரிவை முதலில் மூடியது. வீட்டில் உட்கார்ந்து புலம்பாமல், மாலை வகுப்பில் சேர்ந்து கணினி நிரல் எழுதப் படித்தாள். விலங்கியல் பட்டம் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்து யார் வேலை கொடுப்பார்கள் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். கணினி உயிரியல் ஆய்வகத்துக்கு ஓர் ஆய்வு உதவியாளர் தேவை. மாணவர்களுக்குப் பகுதிநேர வாய்ப்பும் உண்டு. முன் அனுபவம் அவசியமில்லை, கற்றுத் தருகிறோம்.

கடைசி வரியைப் படித்ததும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அனுபவம் வேணாம்னு யாராவது வேலைக்குக் கூப்பிடுவாங்களா?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கூப்பிடுறாங்களே. போட்டிருக்குதானே?" என்றார்.

"அதான் கேக்கறேன். எதுக்குப் போட்டிருக்காங்க?"

"உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடு."

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?"

விண்ணப்பம் போடும் முன்பே ஒரு நாள் பேருந்து ஏறிப் போய், அப்படி ஒரு கட்டடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இருந்தது. மூன்றாம் மாடியில் பெயர்ப் பலகையும் இருந்தது. அறிவிப்பில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது பேராசிரியையே எடுத்துப் பேசினார். அதுவும் சரியாகப் படவில்லை. அவ்வளவு பெரிய மனுஷி தானே போனை எடுப்பாரா?

நேர்காணலன்று வெளியே நாற்காலியில் இன்னொருத்தியும் காத்திருந்தாள். கணிதம் இறுதியாண்டு படிக்கும் பெண். காலை ஆட்டிக்கொண்டு, கைபேசியில் எதையோ பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஸ்கேனருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆளை முன்பே முடிவு செய்துவிட்டார்கள். இது சும்மா கண்துடைப்பு.

அவள் முறை வந்தபோது பேராசிரியை ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளைகளை அவள் பக்கமும் நகர்த்தினார். பட்டத்தைப் பற்றிக் கேட்டார், நிரல் ஒன்றைக் காட்டி இது என்ன செய்கிறது என்று கேட்டார். கடைசியாக, "தெரியாத விஷயத்தைத் தெரியாதுன்னு சொல்றதுல உங்களுக்குக் கஷ்டம் இருக்கா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல மேடம்" என்றாள். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். பழத்தைத் தொடவில்லை.

வேலை கிடைத்தது. அதுதான் பெரிய சந்தேகமாகிவிட்டது. சிரித்துக்கொண்டு போனவளை விட்டுவிட்டுத் தன்னை ஏன் எடுத்தார்கள்? முதல் நாள் போய்ப் பார்த்தால் அந்தக் கணக்குப்பெண்ணும் அங்கே உட்கார்ந்திருந்தாள். மாணவர்களுக்கான பகுதிநேர வேலை அவளுக்கு. மதியத்துக்கு மேல் வருவாள்.

"அக்கா! உங்களுக்கும் கிடைச்சிருச்சா? சூப்பர்!" என்று எழுந்து வந்தாள்.

ஸ்கேனர் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆய்வகம் என்றால் நுண்ணோக்கியும் மருந்து நெடியும் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இங்கே நீளமான ஒரு மேசை, ஐந்தாறு கணினிகள், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் ஏசி, பாதி அழிந்த வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். வீட்டில் விவரித்தபோது கணவர், "உயிரியல்ங்கற, ஒரு உயிரையும் காணோமே" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவள் மனசுக்குள்ளும் இருந்தது.

வேலை இதுதான். நல்ல கல்லீரலிலிருந்தும் நோயுற்ற கல்லீரலிலிருந்தும் எடுத்த செல்களில், எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்று வேறு எங்கோ அளந்து அனுப்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மரபணுப் பெயர்கள், பக்கத்தில் எண்கள். இரண்டு வகைச் செல்களுக்கும் இடையில் எவற்றில் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று நிரல் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியை ஒரே கோப்பை இரண்டு பேருக்கும் கொடுத்தார்.

"தனித்தனியா செய்யுங்க. முடியற வரைக்கும் இதைப் பத்தி உங்களுக்குள்ள பேசிக்க வேணாம். சந்தேகம்னா என்கிட்ட வாங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானே விடையும் கண்டுபிடித்துவிட்டாள். "போட்டி வச்சிருக்காங்க. யாரோடது நல்லா இருக்கோ அவங்க இருக்கலாம். இன்னொருத்தர் மூட்டையைக் கட்டணும்."

"லிஃப்ட்ல ரெண்டு பேர் ஏறினா ஒருத்தர் இறங்கியே ஆகணும்னு யாராவது சொன்னாங்களா?" என்றார் கணவர்.

"உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்தான்."

அன்றிலிருந்து அவள் கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கழிப்பறைக்குப் போனால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுப் போனாள். கணக்குப்பெண் டீ வாங்கப் போகும்போது, "அக்கா, உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்று கேட்பாள். கொண்டுவந்து வைக்கும் சாக்கில் எட்டிப் பார்க்கத்தான் என்று இவளுக்குப் படும். "வேணாம்மா, நான் டீ குடிக்கறதில்ல" என்பாள். அந்தப் பெண் கிளம்பிய பிறகு கீழே போய்த் தனியாகக் குடித்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் இவள் உள்ளே நுழைந்தபோது, அந்தப் பெண் இவளுடைய நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்றாள்.

"அங்க என்ன பண்ற?"

"சார்ஜர் வயர் சிக்கிக்கிச்சுக்கா."

வயர் உண்மையாகவே சிக்கியிருந்தது. அதற்காக நம்பிவிட முடியுமா?

நிரல் ஒருவழியாக ஓடி, அதிக வித்தியாசம் காட்டிய மரபணுக்களின் வரிசை திரையில் வந்தது. பேராசிரியை பேச்சில் அடிக்கடி கேட்டுப் பழகிய பெயர்களும் அதில் இருந்தன. நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் பெயருக்குப் பதிலாகத் தேதி இருந்தது. மார்ச் ஒன்று. செப்டம்பர் இரண்டு.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை நிலையத்தில் தேதி இல்லாத தாளே கிடையாது. மாதிரி எடுத்த நாளாக இருக்குமோ? அப்படியென்றால் மற்றவற்றுக்கு ஏன் இல்லை? எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். பேராசிரியையின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது, கதவும் திறந்துதான் இருந்தது. இரண்டு முறை எழுந்தாள். 'இதுகூடத் தெரியாமலா விலங்கியல் படிச்சே' என்று அவர் மனசுக்குள் நினைத்துவிட்டால்? அந்தச் சின்னப் பெண் காதில் விழுந்தால்? உட்கார்ந்துவிட்டாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் திரையில் இருந்த அந்த இரண்டு வரிகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

முடிவுகளைச் சொல்ல வேண்டிய நாளன்று மதியத்துக்கு மேல் அச்சுப்பொறிக்குப் போனாள். தட்டில் அவள் தாளுக்கு மேலே இன்னொரு தாளும் கிடந்தது. கணக்குப்பெண்ணுடையது. பார்க்கக் கூடாது என்று கண் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டது. மார்ச் ஒன்று. செப்டம்பர் இரண்டு. அதே வரிசையில், அதே இடத்தில்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் நினைத்தது சரியாகப் போயிற்று என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் பேராசிரியை வாயைத் திறக்கும் முன்பே, "மேடம், இவ என்னோடதைப் பார்த்து எழுதியிருக்கா" என்றாள்.

கணக்குப்பெண்ணுக்கு முதலில் புரியவேயில்லை. "நானா?"

"வேற யாரு? நான் இல்லாதப்ப என் சீட்டுக்குப் பின்னாடி நின்னியே, எதுக்கு?"

"வயர் எடுக்கத்தான்! சத்தியமாக்கா!"

பேராசிரியை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எப்படிச் சொல்றீங்க? ரெண்டு பேரும் ஒழுங்கா செஞ்சா ஒரே விடைதானே வரணும்?"

"விடை ஒண்ணா இருக்கலாம் மேடம். தப்புகூடவா ஒரே மாதிரி வரும்? இங்க பாருங்க, தேதி. ரெண்டு பேருக்கும் அதே இடத்துல."

பேராசிரியை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"அப்ப இது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஸ்கேனர் தன் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ பார்த்தியாம்மா?" என்று மற்றவளிடம் திரும்பினார்.

அவள் கண் நிறைந்திருந்தது. "பார்த்தேன் மேம். நான் கணக்குப் படிக்கறவ. உயிரியல்ல இப்படியும் பேர் இருக்குமோன்னு நினைச்சேன். கேட்டா இதுகூடத் தெரியாதான்னு சொல்வீங்களோன்னு..."

பேராசிரியை தன் மடிக்கணினியைத் திறந்தார். அளந்து அனுப்பியவர்களிடமிருந்து வந்த மூலக் கோப்பைத் தேடி எடுத்து, வெறும் எழுத்தாகக் காட்டினார். அங்கே தேதி இல்லை, ஒழுங்கான பெயர்கள் இருந்தன. சில மரபணுக்களின் பழைய பெயர்ச் சுருக்கம் ஆங்கில மாதப் பெயர் போல இருக்கும், பின்னால் ஓர் எண் வரும். அதே கோப்பை அட்டவணை மென்பொருளில் திறந்தார். அவர்கள் கண் முன்னாலேயே அந்தப் பெயர்கள் தேதிகளாக மாறின. அந்த மென்பொருள் இவற்றைத் தேதி என்று தானாகவே நினைத்துக்கொள்கிறது. இரண்டு தனித்தனி மரபணுக்கள் ஒரே தேதியாகி, எண்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டதால்தான் மார்ச் ஒன்று அவ்வளவு மேலே வந்து நின்றிருந்தது.

"உங்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் இதுல திறந்து சேமிச்சேன்" என்றார் பேராசிரியை. "ரெண்டு பேர் தனியா செஞ்சா ஒருத்தர் தப்பை இன்னொருத்தரோடது காட்டிக் கொடுத்துடும்னு நினைச்சேன். அதுக்குத்தான் பேசிக்க வேணாம்னு சொன்னேன். கொடுத்ததே கோணல்னா என்ன பண்றது?"

அதே கோப்பை அவர் வேறொரு ஆய்வுக் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். இவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், புதிதாக அனுப்புகிறேன் என்றார். எதிர்முனையில் ஏதோ காரமாகச் சொன்னார்கள் போலிருக்கிறது. இரண்டு முறை "ஆமா, நியாயம்தான்" என்றார்.

அவர் அறைக்குப் போனதும் ஸ்கேனர் கணக்குப்பெண்ணிடம் போய் நின்றாள். "மன்னிச்சுடும்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"திருடின்னு சொல்லிட்டீங்களேக்கா" என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் டீ வேண்டுமா என்ற கேள்வி வரவில்லை. இருவரும் மூலக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். இந்த முறை ஸ்கேனர் திரையை நேராகத் திருப்பி வைத்திருந்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுக்குப் பழைய சந்தேகத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துவிட்டு, ஒரு பிற்பகல் தானே இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் பக்கம் வைத்தாள்.

கணக்குப்பெண் டீயைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "நீங்க டீ குடிக்கறதில்லைன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். கீழ கடையில உங்களைப் பார்த்திருக்கேன்." கிளாஸை எடுத்துக்கொண்டாள். "எத்தனாவது வரியில நிக்குது உங்களுக்கு? எனக்கு ஒரு இடத்துல புரியல."

ஸ்கேனர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. "எனக்கும் தெரியலடி" என்றாள். இரண்டு பேரும் எழுந்து பேராசிரியையின் அறைக்குப் போனார்கள். அவர் சொன்ன விளக்கம் முதல் தடவை இருவருக்கும் ஏறவில்லை. மறுபடி கேட்டார்கள்.

புதிய முடிவில் மார்ச் ஒன்று காணாமல் போனது. அதை நம்பி அந்த இன்னொரு ஆய்வுக் குழு போட்ட திட்டங்களும் போயின. ஆனால் யாரும் மூட்டையைக் கட்டவில்லை. படிப்பு முடிந்து கணக்குப்பெண் வேறொரு ஆய்வகத்தில் முழுநேர வேலைக்கு விண்ணப்பித்தபோது, தன்னைப் பற்றி விசாரிக்கப் பேராசிரியை பெயரோடு ஸ்கேனர் பெயரையும் கொடுத்திருந்தாள். இவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டாள்.

ஒரு காலை வேளையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல், அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டது.

"நீங்க யாரு? எந்த ஆய்வகம்?" என்றாள் ஸ்கேனர். அவர் சொன்னார். "வைங்க, நானே கூப்பிடறேன்" என்று துண்டித்துவிட்டு, இணையத்தில் அந்த ஆய்வகத்தின் எண்ணைத் தேடி எடுத்து, அதில் கூப்பிட்டாள். அதே குரல்தான் எடுத்தது.

"இப்ப நம்பறீங்களா?" என்றார் அவர்.

"பரவாயில்ல. கேளுங்க."

"அந்தப் பொண்ணை நம்பி வேலை கொடுக்கலாமா?"

"நான் அவளை ஒரு தடவை திருடின்னு சொல்லிருக்கேன் சார். எங்க பேராசிரியை முன்னாடியே" என்று தொடங்கி, தேதிகளின் கதையை முழுக்கச் சொன்னாள். தான் கேட்காமல் விட்டதையும் சொன்னாள். "அதுக்கப்புறமும் என் பக்கத்துல உட்கார்ந்து, தெரியலன்னா தெரியலன்னு கேட்டுக் கேட்டு வேலையை முடிச்சா. நான் லேசுல யாரையும் நம்பறவ இல்ல."

"அது தெரியுது" என்று அவர் சிரித்தார்.

ஏன் சிரித்தார் என்று ஸ்கேனருக்கு அன்று முழுக்க உறுத்தலாக இருந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று வீட்டில் புலம்பினாள். வேலை கிடைத்துவிட்டது என்று மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டுக் கத்தியபோதுதான் மூச்சு வந்தது.

"அக்கா, அவங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்" என்றாள். பிறகு, "ஆமா, எந்த மாடியில வேலை? கூட யார் யார் இருக்காங்க? ஆளுங்க எப்படின்னு விசாரிச்சியா?" என்று ஆரம்பித்தாள். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு மெல்ல வெளியே நழுவினார்.